தண்ணீர்மலை அடிவாரத்துல செத்துப்போன ஃபோனும், நாலு லைட்டு எரிஞ்ச பவர் பேங்க்கும்

2025 தைப்பூசத்துக்கு நாங்க குடும்பத்தோட பினாங்குக்கு போயிருந்தோம். வழக்கமா கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து பத்துமலைக்குத்தான் போவோம், அந்த வருஷம் அம்மா தண்ணீர்மலைக்கு பால்குடம் எடுக்கணும்னு வேண்டிக்கிட்டதால முதல் நாளே ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் போயி அங்கேருந்து ஃபெர்ரி புடிச்சு ஆயர் ஈத்தாம்ல சின்னம்மா வீட்டுக்கு போய்ட்டோம். அன்னைக்கு ராத்திரி ரத ஊர்வலம் பார்த்துட்டு வந்து படுக்கும்போது மணி ஒண்ணு. ஃபோனை முழுசா சார்ஜ் போட்டுட்டுத்தான் தூங்கினேன், அதுல எந்த தப்பும் பண்ணல. பவர் பேங்க்கையும் பையில வச்சுட்டேன், பட்டன அமுக்கி பார்த்தேன், நாலு லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. சரி போதும்னு நிம்மதியா கிளம்பிட்டேன்.

அந்த நாலு லைட்டைப் பத்தி சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்திருக்கேன்.

காலையில நாலு மணிக்கு வீட்டை விட்டு கிளம்புனோம். அம்மா பால்குடத்தோட, அக்கா அவங்க பக்கத்துல, நான் பின்னாடி எல்லாரோட செருப்பு, மாத்து துணி, அம்மாவோட மருந்து பை எல்லாத்தையும் தோள்ல மாட்டிக்கிட்டு. அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கு, விரதம் வேற, அதனால இறங்கி வந்ததும் சாப்பிடுறதுக்கு பிஸ்கட்டும் மாத்திரையும் என் பையிலதான். வழி முழுக்க வீடியோ எடுத்துக்கிட்டே வந்தேன், ஆஸ்திரேலியாவுல இருக்கிற தம்பி வீடியோ கால்ல அம்மாவ பார்க்கணும்னு சொன்னான், அதுவே முக்கா மணி நேரம் ஓடுச்சு. வெயில் ஏறுனதும் ஸ்கிரீன் தெரியலன்னு பிரைட்னஸ்ஸ முழுசா ஏத்தி வச்சேன். அவ்வளவு கூட்டத்துல லைன் சரியா கிடைக்காது, ஃபோன் டவரை தேடித் தேடியே பேட்டரிய தின்னுடும்னு அப்போ எனக்கு தோணவே இல்ல. ஒன்பதரைக்கு பார்த்தா 15 சதவீதம்.

அடிவாரத்துல அம்மாவும் அக்காவும் மேல ஏறப் போனாங்க, 513 படி. நான் கீழயே ஒரு பந்தல் ஓரமா நிக்கிறேன், இறங்கிட்டு அக்கா கால் பண்ணட்டும், அப்போ எங்க நிக்கிறோம்னு பேசிக்கலாம்னு சொல்லிட்டோம். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்னு இப்ப புரியுது, இந்த இடத்துலதான் நிப்பேன்னு ஒரு இடத்தை பேசி வச்சுக்கவே இல்ல. எல்லாமே ஃபோனை நம்பி.

பவர் பேங்க்கை சொருகினேன். நாலு லைட்டு. 15ல இருந்து மெதுவா 16, 18, 21ன்னு ஏறுது. 23 வந்ததும் திடீர்னு நாலு லைட்டு ஒரு லைட்டாச்சு, அது ரெண்டு தடவை கண்ணடிச்சு அணைஞ்சே போச்சு. பட்டன அமுக்குனேன், ஒண்ணுமில்ல. வயரை கழட்டி மாட்டுனேன், திருப்பி மாட்டுனேன், ஒண்ணுமில்ல. முழுசா சார்ஜ் ஏத்துன பவர் பேங்க், மேல 10,000 எம்ஏஎச்னு (எவ்வளவு சார்ஜ் புடிக்கும்ங்கிற அளவு) பெருசா போட்டிருக்கு, அது குடுத்தது வெறும் எட்டு சதவீதம். பத்தே முக்காலுக்கு என் ஃபோன் செத்துப் போச்சு.

அதுக்கப்புறம் நடந்தது இன்னும் மனசுல அப்படியே இருக்கு. பக்கத்துல நின்ன ஒரு பையன்கிட்ட ஃபோன் கேட்டேன், நல்ல பையன், உடனே குடுத்தான், கையில வாங்கிட்டு நின்னா எனக்கு அக்கா நம்பர் தெரியல. அம்மா நம்பரும் தெரியல. மனப்பாடமா தெரிஞ்சது எங்க பழைய வீட்டு நம்பர் ஒண்ணுதான், அந்த லைனை வெட்டியே பல வருஷம் ஆச்சு. அந்தப் பையன் தன்கிட்ட இருந்த பவர் பேங்க்கையும் நீட்டினான், ஆனா அதுல ஒட்டியிருந்த வயரு ஐஃபோனோட பழைய பின்னு, என்னுது டைப் சி. என் வயர் இருந்துச்சேன்னு கேப்பீங்க, என் வயரோட மறுமுனையும் டைப் சி, அவன் பவர் பேங்க்ல இருந்தது பழைய பெரிய யூஎஸ்பி ஓட்டை மட்டும். கையில கரண்டு இருக்கு, வயரு இருக்கு, ஃபோன் இருக்கு, மூணும் ஒண்ணோட ஒண்ணு சேராது. கைச்செலவுக்குன்னு பர்ஸ்ல இருந்தது 5 வெள்ளி (ரிங்கிட்), மத்த காசெல்லாம் ஈவாலட்ல, மறுநாள் ரயில் டிக்கெட்டும் ஃபோனுக்குள்ள.

கடைசியில ஒரு பந்தல்ல மோர் ஊத்திக்கிட்டிருந்த ஒரு ஆன்ட்டிதான் என் மூஞ்சைப் பார்த்துட்டு கூப்பிட்டாங்க. "என்ன தம்பி, யாரையாச்சும் தேடுறியா?" விஷயத்தை சொன்னேன். "வயர் இருக்கா? இருந்தா குடு, பாட்டு பெட்டிக்கு ஜெனரேட்டர் ஓடுது, அதுல போடுறேன்"னு சொல்லி, ஸ்பீக்கருக்கு பின்னாடி தரையில கிடந்த எக்ஸ்டென்ஷன்ல யாரோடதோ அடாப்டர்ல சொருகிக் குடுத்தாங்க. முழுசா செத்த ஃபோன் உடனே எழுந்திருக்காது, கொஞ்ச நேரம் கறுப்பா வெறும் பேட்டரி படம் மட்டும் காட்டிக்கிட்டு கிடக்கும். அந்த அஞ்சு நிமிஷம் நான் முருகா முருகான்னு சொல்லிக்கிட்டே நின்னேன்.

ஆன் ஆனதும் அக்காவோட பதினேழு மிஸ்டு கால் மெசேஜ் வந்து விழுந்துச்சு. கூட்டத்தை வேற பக்கமா திருப்பி விட்டிருக்காங்க, இவங்க ரெண்டு பேரும் தள்ளி ஒரு மரத்தடியில ஒன்றரை மணி நேரமா காத்திருந்திருக்காங்க. நான் ஓடிப் போனப்போ அம்மா தரையில சாஞ்சு உக்காந்திருந்தாங்க, கை நடுங்குது, யாரோ குடுத்த சர்பத்தை அக்கா கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சுக்கிட்டிருந்தாங்க. அம்மா என்னை பார்த்ததும் கேட்டது, "ஏன்யா, ஃபோன் அடிச்சா போகவே மாட்டேங்குது, உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்யா." தனக்கு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லல. மருந்து பை என் தோள்ல தொங்குது.

கே.எல். திரும்புனதும் முதல் வேலையா எலக்ட்ரானிக் சாமான் விக்கிற லோயாட் பிளாசா போனேன். யூஎஸ்பி மீட்டர்னு ஒரு சின்ன சாமான் விக்கிறாங்க, கட்டைவிரல் அளவுதான் இருக்கும், பவர் பேங்க்குக்கும் வயருக்கும் நடுவுல சொருகினா எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் போகுது, மொத்தம் எவ்வளவு வெளிய வந்துச்சுன்னு கணக்கு காட்டும். நான் வாங்குனது 25 வெள்ளி. அந்த பவர் பேங்க்கை முழுசா சார்ஜ் ஏத்தி மீட்டரை மாட்டி ஃபோனை போட்டேன். 420 எம்ஏஎச்லயே நின்னு போச்சு. அட்டையில 10,000.

அது ஒரு கம்பெனி டின்னர்ல இலவசமா குடுத்தது. எனக்கு வந்தப்பவே அதுக்குள்ள எவ்வளவு இருந்துச்சோ தெரியாது, ஆனா அதை கெடுத்ததுல என் பங்கும் இருக்கு, காரு டேஷ்போர்டு பெட்டிக்குள்ள ஒன்றரை வருஷம் போட்டு வச்சிருந்தேன். நம்ம ஊரு மத்தியான வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்துன காரு எப்படி வேகும்னு சொல்லவே வேணாம். லித்தியம் பேட்டரிக்கு சூடுதான் எமன். அதுவும் முழுசா சார்ஜ் ஏத்தி சூட்டுல வச்சா இன்னும் சீக்கிரம் வீணாப் போகும். ரொம்ப நாள் உபயோகிக்கப் போறதில்லன்னா பாதி அளவு சார்ஜ்ல வீட்டுக்குள்ள நிழலான இடத்துல வச்சு, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து ஏத்தணும்.

அப்போ நாலு லைட்டு ஏன் எரிஞ்சுது? இதை புரிஞ்சுக்க எனக்கு கொஞ்ச நாள் ஆச்சு. சாதாரண பவர் பேங்க்ல அந்த லைட்டு பேட்டரியோட வோல்ட்டைப் பார்த்துத்தான் எரியுது, உள்ள எவ்வளவு சரக்கு இருக்குன்னு அதுக்கு தெரியாது. குடம் இருக்குல்ல, பெரிய குடமா இருந்தாலும் வாய் வரைக்கும் நிரம்பும், சின்ன சொம்பா இருந்தாலும் வாய் வரைக்கும் நிரம்பும், மேலேருந்து பார்த்தா ரெண்டும் நிறைஞ்சுதான் இருக்கு. வயசான பேட்டரி குடமா இருந்து சொம்பா சுருங்கிப் போயிருக்கும், ஆனா சார்ஜ் ஏத்துனா முழு வோல்ட் வந்து நாலு லைட்டும் எரியும். ஃபோனை மாட்டி கரண்டை இழுத்ததும் தடால்னு கீழ விழும். எனக்கு அடிவாரத்துல நடந்தது அதுதான். ஒரு பவர் பேங்க் வழக்கத்துக்கு மாறா ரொம்ப சீக்கிரம் சார்ஜ் ஏறி நிரம்பிடுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சொம்பாயிடுச்சுன்னு அர்த்தம்.

மீட்டர் இல்லாதவங்களும் சோதிச்சுப் பார்க்கலாம், ஒண்ணும் கஷ்டமில்ல. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி பவர் பேங்க்கை முழுசா ஏத்துங்க, ஃபோன் 20 சதவீதத்துக்கு இறங்குனதும் அதுல போடுங்க, 80 வந்ததும் கழட்டுங்க, மறுபடி இறங்குனதும் போடுங்க, பவர் பேங்க் சாகுற வரைக்கும் மொத்தம் எத்தனை சதவீதம் குடுத்துச்சுன்னு கூட்டி, அந்த கணக்கை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி பவர் பேங்க் முதுகுலயே ஒட்டிடுங்க. தேதியோட. நான் அப்புறம் வாங்குன புதுசுல இப்போ "130%, ஜனவரி"ன்னு ஒட்டியிருக்கு. அதை பார்த்தா எனக்கு எத்தனை வீடியோ எடுக்கலாம்னு கையில இருக்கிற காசு மாதிரி தெரியுது.

புதுசா வாங்கப் போறவங்க 10,000னு போட்டிருந்தா 5,000 பேட்டரி ஃபோனை ரெண்டு தடவை முழுசா ஏத்தலாம்னு கணக்கு போடாதீங்க. அந்த 10,000ங்கிறது உள்ள இருக்கிற பேட்டரியோட 3.7 வோல்ட் கணக்கு. ஃபோனுக்கு போறது சாதாரணமா 5 வோல்ட், ஃபாஸ்ட் சார்ஜுன்னா அதுக்கும் மேல, அப்படி ஏத்தி அனுப்புறதுல எண்ணிக்கை குறையும், வழியில சூடாவும் கொஞ்சம் போகும், ஃபோனுக்குள்ள ஏறும்போது இன்னும் கொஞ்சம் போகும். நல்ல கம்பெனி சாமான்னா பின்னாடி பொடி எழுத்துல ரேட்டட் கெப்பாசிட்டின்னு ஒண்ணு தனியா போட்டிருப்பாங்க, 5 வோல்ட்ல 6,000 சொச்சம்னு இருக்கும். அதுதான் நம்ம கைக்கு வர்றது. கடையில அட்டையை திருப்பி அந்த வரியை முதல்ல படிங்க, அப்படி ஒரு வரியே இல்லன்னா நான் வாங்க மாட்டேன். பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) சின்ன சோப்புக்கட்டி அளவுல, தூக்கினா இறகு மாதிரி இருக்கு, 30,000னு போட்டு 20 வெள்ளிக்கு விக்கிறதை பார்த்திருப்பீங்க. நல்ல 10,000 ஒண்ணே சுமாரா 200 கிராம் கனம் இருக்கும், பேட்டரிக்கு கனம் இல்லாம சரக்கு இருக்காது. நான் 80 வெள்ளி குடுத்து ஒரு 10,000 வாங்குனேன், மீட்டர்ல 6,100 காட்டுச்சு, இன்னைக்கு வரைக்கும் அதுதான் என் பையில.

20,000 வாங்கலையான்னு அக்கா கேட்டாங்க. வீட்டுல எல்லாருமா வெளியூர் போறப்போ அது சரி, ஆனா ஒரு நாள் முழுக்க தோள்ல தூக்கிட்டு நடக்குறதுக்கு கனம். அதோட அதை திருப்பி ஏத்துறதுக்கு ஆகுற நேரத்தையும் பார்க்கணும், பழைய 10 வாட் அடாப்டர்ல போட்டா ராத்திரி முழுக்க போட்டாலும் காலையில நிரம்பியிருக்காது. நம்ம ஊருல அடாப்டர் வாங்கும்போது சிரிம் லேபல் (மலேசிய தரச்சான்று) ஒட்டியிருக்கான்னு பாருங்க, ராத்திரியெல்லாம் சுவத்துல மாட்டி வைக்கிற சாமான் அது. தலகாணிக்கு அடியில, மெத்தை மேல வச்சு ஏத்தவே ஏத்தாதீங்க, தரையிலயோ மேசையிலயோ வைங்க.

வயரு விஷயத்துல நான் இப்ப ரொம்ப கண்டிப்பு. பவர் பேங்க்கோட ரெண்டு வயரை ரப்பர் பேண்ட் போட்டு கட்டியே வச்சிருக்கேன், ஒண்ணு ரெண்டு பக்கமும் டைப் சி, இன்னொண்ணு ஒரு பக்கம் பெரிய யூஎஸ்பி ஒரு பக்கம் டைப் சி. ரெண்டும் ஒரு முழத்துக்கும் குறைவு. நீளமான, மெல்லிசான மலிவு வயர்ல வழியிலேயே வோல்ட் இறங்கிடும், ஃபோன் சார்ஜ் ஆகுதுன்னு காட்டும், ஆனா ஏறாது. அதே பவர் பேங்க், அதே ஃபோன், மீட்டரை மாட்டி வயரை மட்டும் மாத்திப் பார்த்தேன், ஒண்ணுல 2 ஆம்ப் கிட்ட போகுது, இன்னொண்ணுல 0.6. பவர் பேங்க்கை திட்டுறதுக்கு முன்னாடி வயரை மாத்திப் பாருங்க.

இன்னொண்ணு, இது வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு முக்கியம். எங்க அப்பாவோட காது மெஷின், பெட்டிக்குள்ள வச்சு சார்ஜ் போடுற வகை. ஒரு தடவை அந்தப் பெட்டிய பவர் பேங்க்ல போட்டா அரை நிமிஷத்துல நின்னு போகுது, திருப்பி பட்டன அமுக்குனா எரியுது, மறுபடி நிக்குது. பெட்டி கெட்டுப் போச்சுன்னு அப்பா மனசு ஒடிஞ்சு போய்ட்டாரு. பெட்டியில ஒரு கோளாறும் இல்ல. காது மெஷின், ஸ்மார்ட் வாட்ச், இயர்பட் மாதிரி சின்ன சாமான் இழுக்கிற கரண்டு ரொம்ப கொஞ்சம், அதனால பவர் பேங்க் ஒண்ணுமே மாட்டலன்னு நெனச்சு தன்னையே அணைச்சுக்குது. சில பவர் பேங்க்ல பட்டன ரெண்டு தடவை அமுக்குனா சின்ன சாமானுக்குன்னு தனியா ஒரு மோடு வரும், கூட வர்ற தாள்ல போட்டிருப்பாங்க. அது இல்லன்னா இன்னொரு ஓட்டையில ஃபோனையும் சேர்த்து மாட்டிடுங்க, ஃபோன் இழுக்கிற வரைக்கும் பவர் பேங்க் அணையாது, இதுவும் கூடவே ஏறிடும்.

விமானத்துக்கு வர்றேன். அதே வருஷம் ஜூன்ல குலதெய்வக் கோயிலுக்கு திருச்சி போனோம். அம்மா நல்லதுன்னு நெனச்சு பவர் பேங்க்கை துணிக்கு நடுவுல சுத்தி பெரிய பெட்டியில வச்சுட்டாங்க, பெட்டிய போட்டுட்டு உள்ள போன பிறகு எங்க பேரைச் சொல்லி கூப்பிட்டு பெட்டிய திறக்க சொன்னாங்க. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. பவர் பேங்க் எப்பவுமே கைப்பையிலதான் போகணும், சரக்கு அறைக்கு போற பெட்டியில கூடவே கூடாது, ஏன்னா கீழ தீப்பிடிச்சா அணைக்க ஆள் கிடையாது. அளவு 100 வாட்-அவருக்குள்ள (உள்ள இருக்கிற மொத்த சக்தியோட கணக்கு) இருக்கணும், 100ல இருந்து 160 வரைக்கும் விமான கம்பெனிகிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு மேல கிடையாது. வாட்-அவர் போடலன்னா எம்ஏஎச்சை 3.7ஆல பெருக்கி ஆயிரத்தால வகுங்க, 10,000க்கு 37, 20,000க்கு 74. அந்த எழுத்து தேய்ஞ்சு படிக்க முடியாம இருந்தா செக்கிங்ல அவங்க பறிமுதல் பண்ணிடலாம், அதனால எழுத்து மேல ஒரு டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

2025 ஜனவரி 28ஆம் தேதி தென்கொரியாவுல பூசான் பக்கத்துல கிம்ஹே விமான நிலையத்துல கிளம்ப நின்ன விமானம் எரிஞ்சது ஞாபகம் இருக்கும், தலைக்கு மேல பை வைக்கிற பெட்டியிலதான் தீ ஆரம்பிச்சுது, பவர் பேங்க் காரணமா இருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க, எல்லாரும் உயிரோட இறங்குனது பெரிய புண்ணியம். அதுக்கப்புறம் ஊர் ஊருக்கு சட்டம் இறுகிப் போச்சு. மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1ல இருந்து பறக்கும்போது பவர் பேங்க்ல எதையும் சார்ஜ் போடக்கூடாது, பவர் பேங்க்கையும் சார்ஜ் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, தலைக்கு மேல வைக்காம கண்ணுக்கு எட்டுற இடத்துல வச்சுக்கணும். சீனாவுல அதே வருஷம் ஜூன் 28ல இருந்து உள்நாட்டு விமானத்துல 3சிங்கிற அந்த நாட்டு பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க்கை ஏத்துறதே இல்ல. இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கு, டிக்கெட் எடுக்கிற கம்பெனியோட வெப்சைட்ல அந்த வாரமே ஒரு தடவை பார்த்துடுங்க. பறக்கும்போது உபயோகிக்க முடியாதுன்னு தெரிஞ்சதால நாங்க இப்ப கிளம்புறதுக்கு முன்னாடி எல்லா ஃபோனையும் சுவத்துல நிரப்பிட்டுத்தான் ஏறுறோம், பவர் பேங்க் விமானத்தை விட்டு இறங்குன பிறகு உள்ள செலவுக்கு.

பழைய டின்னர் பவர் பேங்க்கை நான் சோதிச்ச ரெண்டு வாரத்துல மேசை மேல வச்சு லேசா சுண்டி விட்டேன், பம்பரம் மாதிரி சுத்துச்சு. தட்டையா இருக்க வேண்டிய சாமான் சுத்துதுன்னா வயிறு வீங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்படி ஆச்சுன்னா அதுக்கப்புறம் சார்ஜ் ஏத்தாதீங்க, குத்திப் பார்க்காதீங்க, வீட்டு குப்பையில போடாதீங்க, குப்பை லாரியில நசுங்குனா அங்க வேலை செய்ற ஆளுக்குத்தான் ஆபத்து. இ-வேஸ்ட் வாங்குற இடத்துல கொண்டு போய் கையில குடுங்க. நான் குடுக்குற வரைக்கும் அதை பால்கனியில நிழல்ல ஒரு மண்சட்டிக்குள்ள வச்சிருந்தேன்.

இப்ப வீட்டுல எல்லார் பர்ஸ்லயும் ஒரு துண்டுத்தாள் இருக்கு, நாலு ஃபோன் நம்பரும் பேனாவால எழுதி, கூட 50 வெள்ளி நோட்டு ஒண்ணு. அம்மாவோட மாத்திரையும் பிஸ்கட்டும் அம்மா இடுப்பு பையிலயே இருக்கு, அது யார் தோளுக்கும் போகாது.

இந்த வருஷ தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைக்கே போனோம். மேல ஏறுறதுக்கு முன்னாடி, அந்த மோர் பந்தல் ஆன்ட்டி அதே இடத்துலதான் இருப்பாங்க, அவங்க பந்தல்லதான் சந்திக்கணும்னு அம்மாவே சொல்லிட்டாங்க. நான் இந்த தடவை வீட்டுப் பொதுவுல இருக்கிற 20,000 பவர் பேங்க்கையும் மூணு வகை வயரையும் எடுத்துட்டுப் போயி, ஆன்ட்டிகிட்ட கேட்டு மோர் அண்டா பக்கத்துல நிழலா ஒரு ஸ்டூல் போட்டு வச்சேன். முதல்ல வந்தது ஒரு பாட்டி, ஃபோன்ல 2 சதவீதம், பேரன் காவடி எடுத்துட்டு மேல போயிருக்கான்னு சொன்னாங்க. பழைய ஃபோன், மைக்ரோ யூஎஸ்பி. மூணாவது வயரு சேர்ந்துச்சு. 14 வர்ற வரைக்கும் மோர் குடிச்சுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க, அப்புறம் பேரன் கால் வந்துச்சு, "இங்கதான்யா இருக்கேன், மோர் பந்தல்ல"ன்னு எழுந்து நின்னு கையை ஆட்டுனாங்க.